பெயர்த்தெடுப்பதற்கு முன் அளந்தெடுக்க வேண்டும்

பழைய வீடொன்று இடிக்கப்படும் செய்தி வெளிவரும்போதெல்லாம் தமிழ்க் கல்விச் சூழலில் ஒரே கோரிக்கை எழுகிறது: அதைப் பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். கோரிக்கையின் பின்னுள்ள ஆதங்கம் நேர்மையானது. ஆயினும், வீட்டைக் காப்பதற்கு அருங்காட்சியகம் ஒன்றே வழி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது, அவ்வழியில் எவை காக்கப்படுகின்றன, எவை விடுபடுகின்றன என்ற வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் ராமகுப்பம் போன்ற வட்டாரங்களின் வீடுகளை முன்னிறுத்தி இவ்வினாக்களைக் கேட்க வேண்டிய தருணம் இது.

இவ்விவாதத்தில் அமெரிக்க அனுபவத்திற்குத் தனி இடம் உண்டு. தன் தொடக்ககாலக் கட்டடங்களைக் காக்க அந்நாடு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டு வழிகளை வகுத்தது. ஒன்று, கிராமத்தையே காட்சிப்பொருளாக்கும் வழி. மற்றொன்று, கட்டடத்தை இருந்த இடத்திலேயே அளந்து வரைந்து பொது ஆவணமாக்கும் வழி. முதல் வழி உலகெங்கும் புகழ்பெற்றது. தென்னிந்தியாவிலும் அதன் சாயலைக் காணலாம். இரண்டாம் வழி இங்கு ஏறத்தாழ அறியப்படாமலே இருக்கிறது. இங்கு உடனடியாகத் தேவைப்படுவது அந்த இரண்டாம் வழிதான்.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் கருத்து ஐரோப்பாவில் பிறந்தது. ஆர்தூர் ஹாசேலியுஸ் 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் அருங்காட்சியகத்தைத் திறந்தார். சுவீடனின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுத்த உழவர் வீடுகள் அங்கே நிறுத்தப்பட்டன. தொழில்மயத்தால் மறைந்துவந்த கிராம வாழ்வை நகரத்தார் கண்முன் வைப்பது அதன் நோக்கம். அமெரிக்காவில் அக்கருத்தைப் பெருஞ்செல்வர்கள் கையிலெடுத்தனர். ஊர்திகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கிப் பழைய கிராம வாழ்வைக் குலைத்ததில் பெரும்பங்கு வகித்த ஹென்றி ஃபோர்டே, டியர்பார்ன் நகரில் கிரீன்ஃபீல்டு வில்லேஜை அமைத்து 1929இல் அர்ப்பணித்தார். ரைட் சகோதரர்களின் வீடும் மிதிவண்டிக் கடையும் 1930களில் டேட்டன் நகரிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1946இல் திறக்கப்பட்ட ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ், நியூ இங்கிலாந்தின் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த கட்டடங்களால் உருவான ஊர். ஏறத்தாழ 1790 முதல் 1840 வரையிலான சிற்றூர் வாழ்வை அது சித்திரிக்கிறது. இவற்றினும் பெரிய முயற்சி வில்லியம்ஸ்பர்க். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராயிருந்த அவ்வூரை மீட்கும் பணியை, பாதிரியார் டபிள்யூ. ஏ. ஆர். குட்வின் தூண்டுதலால் ஜான் டி. ராக்பெல்லரின் மகனான இளைய ராக்பெல்லர் 1926இல் தொடங்கினார்.

இக்கிராமங்களால் கட்டடவியல் கல்வி பெற்ற நன்மைகளை மறுக்க இயலாது. தொடக்ககால அமெரிக்க வீடு ஒரே வகையானது அன்று என்பதை அவை எளிதில் காட்டுகின்றன. நியூ இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளில் பெரும் புகைபோக்கி வீட்டின் நடுவில் நிற்கும். கடுங்குளிரில் அடுப்பின் வெப்பம் சுற்றியுள்ள அறைகள் அனைத்திற்கும் பரவ வேண்டும் என்பது காரணம். வெப்பம் மிகுந்த வர்ஜீனியாவில் புகைபோக்கி வீட்டின் இரு முனைச் சுவர்களுக்குத் தள்ளப்பட்டது. சமையற்கட்டு தனிக் கட்டடமாயிற்று. நியூ இங்கிலாந்தில் குடும்பம் பெருகியபோது வீட்டின் பின்புறம் ஒரு சார்ப்பு இறக்கினர். முன்புறம் இரண்டு தளமும் பின்புறம் ஒரு தளமுமாகக் கூரை நீண்டு சரிந்தது. உப்புப் பெட்டியை ஒத்த அவ்வடிவத்திற்கு அதுவே பெயராகவும் அமைந்தது. கூடத்தோடு சார்ப்பு இறக்கி வீட்டை வளர்க்கும் தமிழ்நாட்டு வழக்கத்தை அறிந்த மாணவருக்கு இவ்வடிவம் புதிராக இராது. தட்பவெப்பம், கிடைக்கும் பொருள், குடும்ப அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே வீட்டை வடிக்கின்றன என்ற பாடத்தை, நூறு பக்க நூலைவிட ஒரு மணி நேர நடை நன்கு கற்பித்துவிடும்.

ஆயினும் அக்கிராமங்கள் மறைத்தவையும் உண்டு. ஓர் ஊரைக் காட்சிப்பொருளாக்க வேண்டுமெனில் அதன் வரலாற்றில் ஒரு காலத்தைத் தேர்ந்து, ஏனையவற்றை நீக்க வேண்டும். வில்லியம்ஸ்பர்க்கில் பதினெட்டாம் நூற்றாண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் விளைவாக அதற்குப் பிற்பட்ட நூற்றுக்கணக்கான கட்டடங்கள் இடிக்கப்பட்டன அல்லது அகற்றப்பட்டன. அதே வேளையில், 1781இலேயே எரிந்துபோன ஆளுநர் மாளிகை மீண்டும் எழுப்பப்பட்டு 1934இல் திறக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் கிடைத்த செப்புத் தகட்டுச் சித்திரம், தாமஸ் ஜெபர்சன் வரைந்து வைத்திருந்த தளப்படம், அகழாய்வில் வெளிப்பட்ட அடித்தளம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு அப்பணி நடந்தது. புலமை மிக்க பணி என்பதில் ஐயமில்லை. எனினும், நின்றிருந்த வீடுகள் அகற்றப்பட்டதும் நில்லாத மாளிகை எழுந்ததும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள் என்பதை மறந்துவிடலாகாது.

இதனினும் ஆழமான விடுபடல் மக்களைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம்ஸ்பர்க் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பின மக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். மீட்டெடுக்கப்பட்ட ஊரோ பல்லாண்டுகள் ஆளுநர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த ஊராகவே காட்டப்பட்டது. கறுப்பின வரலாற்றை எடுத்துரைக்கும் பணி 1979இல்தான் முறையாகத் தொடங்கியது. அண்மையிலுள்ள கார்ட்டர்ஸ் குரோவ் தோட்டத்தில் அடிமைக் குடியிருப்பு 1989இல் புதிதாகக் கட்டிக் காட்டப்பட்டது. 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது கறுப்பின உரிமை அமைப்புகளிடமிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. மாளிகையைக் காட்டுவதில் எழாத சிக்கல் குடிசையைக் காட்டும்போது எழுந்தது. காட்சிக் கிராமம் எதை எளிதாகச் சொல்லும், எதைச் சொல்லத் தயங்கும் என்பதற்கு இந்த அறுபத்தெட்டு ஆண்டு வரலாறு போதிய சான்று.

இத்தயக்கத்திற்கு அரசியல் மட்டும் காரணமன்று, பொருளும் காரணம். கேரி கார்சனும் அவருடைய ஆய்வுத் தோழர்களும் 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்று, தென் குடியேற்றப் பகுதிகளின் தொடக்ககால வீடுகளில் பெரும்பாலானவை கம்பங்களை நேரே மண்ணில் நட்டுக் கட்டப்பட்டவை என்பதை அகழாய்வுச் சான்றுகளால் நிறுவியது. அவ்வகை வீடுகள் சில பத்தாண்டுகளில் உளுத்து மறைந்தன. இன்று நிற்பவை, செங்கல்லும் நல்ல அடித்தளமும் வாங்க வசதி படைத்தோரின் வீடுகள். அவற்றை மட்டும் கண்டு அக்கால வீடு இப்படித்தான் இருந்தது என்று முடிவுகட்டுவது, வென்றவர் எழுதிய வரலாற்றை அப்படியே ஏற்பதற்கு ஒப்பாகும். நிலைத்து நிற்கும் ஆற்றலே ஒரு சமூகச் சலுகை என்ற இந்த அறிவு, தென்னிந்திய வீடுகளை ஆராய முற்படும் ஒவ்வொருவருக்கும் முதற்பாடமாக இருத்தல் வேண்டும்.

இனி இரண்டாம் வழியைக் காண்போம். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். 1933 நவம்பரில் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த சார்லஸ் பீட்டர்சன் ஒரு திட்டத்தை முன்வைத்தார்: வேலையற்றோரைக் கொண்டு நாடெங்கும் உள்ள பழைய கட்டடங்களை அளந்து வரையச் செய்யலாம். அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவீடு என்னும் அத்திட்டம் உடனே தொடங்கியது. மாளிகைகள், தேவாலயங்கள் ஆகியவற்றோடு களஞ்சியம், ஆலை, கடை, பாலம், பண்ணைக் கொட்டகை ஆகியவற்றையும் அதன் முதல் வரைவே உள்ளடக்கியிருந்தது. தளப்படம், வெட்டுமுகத் தோற்றம், நிழற்படம், சுருக்க வரலாறு ஆகியன ஒவ்வொரு கட்டடத்திற்கும் தயாராகி, காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்தன. இன்று எவரும் அவற்றைக் கட்டணமின்றி இணையத்தில் காணலாம். அளக்கப்பட்ட கட்டடங்களில் பல பின்னர் மறைந்துவிட்டன, வரைபடங்கள் மறையவில்லை.

அவ்வரைபடங்களின் பயன் அறுபது ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. ஜான் மைக்கேல் விளாக் என்னும் அறிஞர் 1993இல் வெளியிட்ட நூலில், தோட்ட முதலாளியின் பெரிய வீட்டிற்குப் பின்னால் இருந்த அடிமைக் குடிசைகள், சமையற்கட்டுகள், புகையூட்டும் அறைகள், தொழுவங்கள் ஆகியவற்றின் கட்டட வரலாற்றை எழுதினார். அவருக்குக் கைகொடுத்த முதன்மைச் சான்று, 1930களில் வரையப்பட்ட அந்த அளவீட்டுப் படங்களும் நிழற்படங்களுமே. வரைந்தவர்கள் அடிமை வரலாற்றை எழுதும் நோக்கம் கொண்டவர்கள் அல்லர். தோட்டத்தில் இருந்தவற்றை ஒழுங்காக அளந்தார்கள்; அவ்வளவே. காட்சிக் கிராமம் தன் காலத்துப் பார்வைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தது. அளவீட்டு ஆவணம் பிற்காலத்தின் வினாக்களுக்கும் விடை வைத்திருந்தது.

தென்னிந்தியாவிற்கு வருவோம். காட்சிக் கிராமத்தின் மிகச் சிறந்த தென்னிந்திய வடிவம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா. அமெரிக்காவில் பிறந்து தமிழகத்தில் வாழ்வமைத்துக்கொண்ட டெபோரா தியாகராஜன் நிறுவிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, 1984 முதல் இயங்கி, 1996 டிசம்பரில் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வளாகத்தின் அமைப்பில் லாரி பேக்கரின் கைவண்ணமும், வீடுகளைப் பிரித்து மீண்டும் நிறுத்திய பணியில் பென்னி குரியகோஸின் உழைப்பும் உண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு, விசாகப்பட்டினக் கடற்கரைப் பகுதியின் வட்ட வடிவச் சுட்டில்லு முதலியன அங்கே அருகருகே நிற்கின்றன. புயற்காற்று மோதி நிற்க முனையில்லாத வட்டச் சுவரையும் தரையை எட்டும் தாழ்ந்த கூரையையும் அந்தச் சுட்டில்லில் கண்ட மாணவர், காற்றுக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை மறக்கமாட்டார். குயவர், நெசவாளர், உழவர் ஆகியோரின் வீடுகளுக்கும் இடமளித்த வகையில், தொடக்ககால வில்லியம்ஸ்பர்க் செய்த தவற்றைத் தட்சிணசித்ரா பெரிதும் தவிர்த்தது. செட்டிநாட்டு வீடுகள் பல தூண் தூணாக, கதவு கதவாகப் பழம்பொருட் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், ஒரு முழு வீட்டை முழு வீடாகவே நிறுத்திக் காட்டியது அரிய தொண்டு.

எனவே இங்கே எழும் வினா அந்நிறுவனத்தின் குறையைப் பற்றியது அன்று; அவ்வடிவத்தின் எல்லையைப் பற்றியது. திறந்தவெளி அருங்காட்சியகம் பகுத்துக் காட்ட வேண்டும். தென்னிந்தியாவில் அப்பகுப்பு இயல்பாகவே மாநிலவாரியாக அமைகிறது: தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம், தெலங்கானா. மாநில எல்லைகளோ வீடுகளைவிட மிக இளையவை. நல்கொண்டா வட்டாரத்து இக்கத் நெசவாளர் வீடு 2014 ஜூன் 1 வரை ஆந்திரத்து வீடு. மறுநாள் முதல் தெலங்கானத்து வீடு. சுவரும் கூரையும் தறியும் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. இரு மாநிலங்களின் நடுவே அமைந்த ஊரின் வீட்டை எந்தப் பலகையின் கீழ் நிறுத்துவது என்ற வினாவுக்கு இவ்வடிவத்தில் விடை இல்லை.

ராமகுப்பம் அத்தகைய ஊர். ஆந்திரத்தின் குப்பம் சட்டமன்றத் தொகுதிக்குட்பட்ட மண்டலம். மேற்கே கருநாடகத்தின் கோலார்ப் பகுதி, தெற்கே தமிழகத்தின் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள். இவ்வட்டாரத்தின் நிர்வாக வரலாறு கோடுகள் மாறிய வரலாறு. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று. அதற்கு முன் குப்பம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அங்கே சென்றது. பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது; குப்பம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. குப்பம் சித்தூரிலேயே நீடிக்கிறது. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே வீடு கட்டியவர்கள் பயன்படுத்திய கல்லும் மண்ணும் ஒன்றுதான். குப்பம், கோலார், கிருஷ்ணகிரி ஆகிய மூன்றும் கருங்கல் நிலம். பிளந்தெடுத்த கற்பலகைகளை வேலியாக நடுவதும், சுவராக நிறுத்துவதும், கூரையாகப் பரப்புவதும் எல்லைக்கு இருபுறமும் காணப்படும் வழக்கம். இதைத் தமிழ்க் கட்டடக் கலை என்றோ தெலுங்குக் கட்டடக் கலை என்றோ வகைப்படுத்துவது ஆய்வுக்கு உதவாது.

பொருள் ஒன்று, சொல் மூன்று என்பதே இங்குள்ள ஆய்வுச் செல்வம். வாசலையொட்டிய மேடையைத் தமிழர் திண்ணை என்பர்; தெலுங்கர் அருகு என்பர்; கன்னடர் ஜகலி என்பர். தளமிட்ட வீடு வட தமிழகப் பேச்சில் மெத்தை வீடு, தெலுங்கில் மித்தெ. தமிழில் பெருஞ்செல்வர் இல்லத்தைச் சுட்டும் மாளிகை என்ற சொல்லின் கன்னட வடிவமான மாளிகெ, மண் பரப்பிய தட்டைக் கூரையையும் குறிக்கும். கேழ்வரகு விளையும் இம்மேட்டு நிலத்தில் தானியத்தைப் பூமிக்கடியில் குழிவெட்டிச் சேமிக்கும் பழக்கம் இருந்தது. அக்குழி கன்னடத்தில் ஹகேவு, தெலுங்கில் பாதர. ஒரே தெருவில் இச்சொற்கள் எவ்வாறு கலந்து வழங்குகின்றன, தச்சர் எம்மொழியில் அளவு சொன்னார், கொத்தனார் எம்மொழியில் அதைக் கேட்டுக்கொண்டார், வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையின் உறுப்புகளை எப்பெயரால் அழைத்தனர் என்பன மொழியியலும் கட்டடவியலும் சந்திக்கும் வினாக்கள். இவற்றுக்குரிய விடை சுவரில் இல்லை. சுவரோடு வாழ்ந்தவரின் நாவில் இருக்கிறது. வீட்டை நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்நா உடன் வராது. தானியக் குழியோ, எந்த ஊர்தியிலும் ஏற்றிக் கொண்டுபோக முடியாத கட்டட உறுப்பு.

பெயர்த்தெடுத்தலின் மற்றோர் எல்லையும் இங்கே புலப்படும். மரத்தூணையும் கற்பலகையையும் எண்ணிட்டுப் பிரித்து வேறிடத்தில் கோக்கலாம். மண்சுவரை அவ்வாறு செய்ய இயலாது. அதன் படியைப் புதிதாகக் கட்டலாம், அவ்வளவே. ஆகவே பெயர்க்கத்தக்க வீடு எது என்ற தேர்விலேயே வசதி படைத்தோர் பக்கம் ஒரு சாய்வு ஏற்பட்டுவிடுகிறது. ஊரின் நடுத்தெருவுக்குக் கல்லும் மரமும் வாய்த்தன. ஊருக்கு அப்பால் ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கு மண்ணும் கீற்றும் வாய்த்தன. வர்ஜீனியாவின் கம்பம் நட்ட வீடுகளுக்கு நேர்ந்த கதியே இவற்றுக்கும் நேர்கிறது. ஒரு தலைமுறை கழித்துத் தென்னிந்திய வீட்டின் வரலாற்றை எழுத முற்படுபவருக்குத் திண்ணையுள்ள வீடுகள் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், திண்ணையில் உட்கார அனுமதிக்கப்படாதவரின் வீடு எப்படி இருந்தது என்பதை எதைக் கொண்டு எழுதுவார்?

காலம் குறைவு என்பதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை அண்டையிலுள்ள வி.கோட்டா, பலமனேர் வழியே செல்கிறது. குப்பம் விமான நிலையத்திற்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கெனக் குறிக்கப்பட்ட நிலம் ராமகுப்பம், சாந்திபுரம் மண்டலங்களைச் சார்ந்தது. நிலத்தின் விலை ஏறும் இடத்தில் பழைய வீடு முதலில் விழும். சட்டத்தின் துணையை நாடுவதாலும் பயன் குறைவு. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட, தேசிய முக்கியத்துவமுடைய சின்னங்களைக் கருதியது. நாடு முழுதும் அதன்கீழ்க் காக்கப்படுபவை சுமார் 3,700. இந்நிலப்பகுதியில் சந்திரகிரிக் கோட்டையும் குடிமல்லம் கோயிலும் அப்பாதுகாப்பைப் பெறுகின்றன, பெற வேண்டியவையே. கேழ்வரகு உழவரின் கல்வீடு அவ்வரையறைக்குள் ஒருபோதும் வராது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மண்வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவரிடம், இது மரபு, இடிக்காதீர்கள் என்று சொல்ல ஆய்வாளருக்கு என்ன உரிமை? எந்த உரிமையும் இல்லை. மண்சுவரும் கீற்றுக் கூரையும் உடைய வீட்டைக் கச்சா வீடு என வகுத்து, கான்கிரீட் வீடு கட்ட அரசு நிதியுதவி அளிக்கிறது. அதைப் பெற்று உறுதியான வீட்டில் குடியேறுவது அக்குடும்பத்தின் உரிமை. அதைத் தடுப்பது, தன் அடுக்ககத்தில் குளிர்சாதனத்தோடு வாழ்ந்துகொண்டு பிறருடைய வறுமையை அழகாகக் காண்பதாகும். அளவீட்டு வழியின் மேன்மையே இந்த இடத்தில் தெளிவாகிறது. அது எவரையும் பழைய வீட்டில் கட்டிப்போடுவதில்லை. புதுவீட்டுக்கு அடித்தளம் வெட்டும் முன்பு இரண்டு நாள் அவகாசம் மட்டுமே கேட்கிறது.

மற்றொரு மறுப்பும் உண்டு. வரைபடம் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். அருங்காட்சியகமோ ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களை உள்ளே அழைத்து உணரச் செய்கிறது. இது உண்மை. நிழல் விழும் முற்றத்தில் நிற்கும் அனுபவத்தை எந்த வரைபடமும் தராது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அளவீட்டு ஆவணம் முதலில் இருந்தால் எந்த வீட்டைப் பெயர்க்கலாம் என்பதைச் சான்றோடு முடிவு செய்யலாம். நாளை ஒன்றை மீண்டும் கட்டலாம். ஆவணமின்றிப் பெயர்க்கப்பட்ட வீட்டை ஆய்வுக்குட்படுத்துவது கடினம். வில்லியம்ஸ்பர்க்கில் ஆளுநர் மாளிகையை மீண்டும் எழுப்ப முடிந்ததற்குக் காரணமே, யாரோ ஒருவர் என்றோ வரைந்து வைத்த தளப்படம் ஒன்று பிழைத்திருந்ததுதான்.

இப்பணியைச் செய்யும் தகுதி வேறெங்கும் இல்லாத அளவுக்கு இவ்வட்டாரத்திற்கே உண்டு. 1997இல் தொடங்கப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்திலேயே இயங்குகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் இடம் அது. அங்குள்ள மொழித்துறை மாணவர்களும் சென்னை, பெங்களூரு, திருப்பதி நகரங்களின் கட்டடக் கலை மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் இணைந்தால், ஒரு மண்டலத்தின் பழைய வீடுகளை அளந்து முடிக்கும் பணியைத் தொடங்கிவிடலாம். அளவுநாடா, வரைதாள், ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி ஆகியவை போதும். பெருநிதி தேவைப்படும் திட்டம் அன்று இது. 1933இல் அமெரிக்கா இதைத் தொடங்கியதும் செல்வம் கொழித்த காலத்தில் அன்று; வேலையின்மையின் உச்சத்தில்.

ஆவணத்தில் இடம்பெற வேண்டியவை சில. தளப்படமும் வெட்டுமுகமும் முதலில். அடுத்து, கல், மண், மரம், ஓடு ஆகியன எங்கிருந்து வந்தன, எவர் கட்டினர் என்ற செய்தி. மூன்றாவதாக, வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வீட்டார் வழங்கும் பெயர், அவர்கள் பேசும் மொழியிலேயே. நான்காவதாக, வீட்டின் புழக்க வரலாறு: வாசல் வழியே யார் வந்தனர், கொல்லை வழியே யார் வந்தனர், திண்ணை வரை யாருக்கு அனுமதி, தீட்டு நாள்களில் பெண்கள் எங்கே தங்கினர், தானியக் குழியின் திறப்பு எவர் பொறுப்பில் இருந்தது. தளப்படத்தில் கதவு ஒரு கோடுதான். அக்கோட்டைக் கடக்க எவருக்கு உரிமை இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சமூக ஆவணமாகும். ஐந்தாவதாக, நடுத்தெருவில் எத்தனை வீடுகள் அளக்கப்படுகின்றனவோ அதே கவனத்தோடு ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பும் அளக்கப்பட வேண்டும். இவை அனைத்தும் வீட்டாரின் இசைவோடு நடைபெற வேண்டும். முடிந்த வரைபடத்தின் படி ஒன்று அவர்களிடம் சேர வேண்டும். தம் பாட்டனார் கட்டிய வீட்டின் தளப்படம் புதுவீட்டுச் சுவரில் தொங்குமானால், அதைவிடச் சிறந்த அருங்காட்சியகம் அக்குடும்பத்திற்குத் தேவையில்லை.

முனைவர் பட்டத் தலைப்புகளில் கோயிற் கட்டடக் கலை மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. அவ்வாய்வுகள் தேவையானவை, ஆனால் கோயில் ஆய்வாளருக்காகக் காத்திருக்கும். கல்வெட்டும் பாதுகாப்புச் சட்டமும் வழிபாடும் அதைத் தாங்கி நிற்கின்றன. வீட்டுக்கு அத்துணைகள் எவையும் இல்லை. ஒரு துறை ஆண்டுக்குப் பத்து வீடுகளை அளக்கும் கடமையை முதுகலைப் பாடத்திட்டத்தில் சேர்த்தாலே, பத்தாண்டுகளில் நூறு வீடுகளின் ஆவணம் உருவாகிவிடும். எல்லைப்புற ஊர்களிலிருந்து அது தொடங்க வேண்டும். ஏனெனில் எந்த மாநிலமும் தன்னுடையதென முன்வந்து காக்காத வீடுகள் அங்கேதான் உள்ளன. ராமகுப்பத்தில் இந்தக் கோடையில் எந்தெந்த வீடுகள் இடிக்கப்படவுள்ளன என்ற பட்டியலை அவ்வூர் மாணவர் ஒருவரே ஒரு நாளில் தயாரித்துவிடலாம். பணி அப்பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.